லுப்னா கலந்த பசை

அத்தியாயம் 14

ஞாயிறு விடிந்துவிடுமே என்று சனிக்கிழமை முழுக்கப் பயந்துகொண்டிருந்த லுப்னாவுக்கு, ஞாயிறு நிஜமாகவே விடிந்துவிட்டபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சுபுஹ் தொழுதுவிட்டு முக்காட்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு வந்தாள். மணலி புதுநகரில் அவர்கள் வீட்டு வாசல் இந்த எட்டு மாதமாக வாசலாகவே இல்லை. நாலு தார் டிரம்மின் மேல் பதினாலு அடி நீளத்துக்கு ஒரு மரப்படகு உட்கார்ந்திருக்கிறது. பால்காரர் அதைச் சுற்றிக்கொண்டு வருகிறார். கேஸ் சிலிண்டர் பக்கத்து வீட்டில் இறங்குகிறது. தெருவில் யாராவது வழி கேட்டால் "போட்டு கீற வூடு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

தார்ப்பாயைத் தூக்கிக் குனிந்தாள். படகின் அடியில், இடது பக்கம், பின்னாலிருந்து இரண்டு முழம் தள்ளி, கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள்.

நகம் உள்ளே இறங்கியது.

மற்ற இடத்திலெல்லாம் கல்லாக இருக்கிற பசை, அங்கே மட்டும் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இருந்தது. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் அது கெட்டியாகிவிடும் என்று எதிர்பார்த்த தன் புத்தியை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லுப்னாவின் கணவன் சுஃபியான் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பள்ளிக்கூட பெஞ்சில் தன் பேரைச் செதுக்கியதற்கு மேல் மரவேலை எதுவும் அறியாதவன். நீச்சலும் தெரியாது. இப்படிப்பட்ட மனுஷன் எதற்குப் படகு கட்டினான் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் பெய்த டிசம்பர் மழைதான் காரணம். எண்ணெய் மிதக்கிற தண்ணீர் தரைத்தளத்தை முழுங்கிவிட்டு மாடிப்படியில் ஏறி நின்றது. மாடியில் லுப்னா ஏழு மாதக் கர்ப்பிணி. வலி கண்ட பிறகு படகு வர இரண்டு நாள் ஆனது. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு சுஃபியான் அந்தக் குழந்தையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. இந்த வருடம் ஆரம்பத்தில் ஒரு நாள் குட்டியானை வண்டி நிறைய பிளைவுட் பலகைகளோடு வந்து இறங்கினான். அவ்வளவுதான்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கட்டிய படகு அது. பலகைகளை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தையலின் மேல் ரெசின் பசையைப் பூசி, கண்ணாடி நாரில் நெய்த பட்டையை ஒட்ட வேண்டும். பசை இறுகியதும் கம்பியை உருவிவிடலாம். அதற்கப்புறம் படகைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசை மட்டுமே. ஊருக்கெல்லாம் பிளவுஸ் தைக்கிற லுப்னாதான் படகையும் தைத்தாள். பசை கலக்குவதும் அவள் வேலைதான்.

ரெசின் இரண்டு பங்கு, ஹார்ட்னர் ஒரு பங்கு. மே மாத வெயிலில் ஒரு நாள் பசை மக்கிலேயே கொதித்துப் புகைந்து, மக்கும் சேர்ந்து உருகி வழிந்தது. வேலை முடிந்து அலுத்து வந்த சுஃபியான் அந்த மக்கை எடுத்துச் சுவரில் அடித்தான். இரண்டு நாள் பேசவில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவன் இல்லை. மழைக்குப் பிறகு வந்த குணம் இது. கத்தியிருந்தால்கூட லுப்னா தாங்கியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து காட்டுக்குப்பம் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார். சுஃபியானின் தோஸ்து. காசிமேட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிற கை. "வெயில் நாள்ல ஆர்ட்னர கம்மி பண்ணிக்கணும்மா, நாங்கள்லாம் அப்டித்தான் ஓட்டறோம்" என்றார். லுப்னா கம்மி பண்ணினாள். பசை புகையவில்லை. பெரிய நிம்மதி.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வீடியோவை இரண்டாம் தரம் பார்க்கும்போதுதான் விஷயம் புரிந்தது. கிருஷ்ணப்பன் சொன்னது காசிமேட்டு ரெசினுக்குச் சரி. அதில் ஹார்ட்னர் சும்மா தூண்டிவிடுகிற சாமான், குறைத்தால் இறுக நேரம் பிடிக்கும், வேறொன்றும் ஆகாது. சுஃபியான் வாங்கி வந்த ரெசின் வேறு ஜாதி. அதில் அளவு குறைந்தால் பசை என்றைக்குமே முழுசாக இறுகாது. அவளுக்கு இது தெரியவந்தபோது அந்தப் பசையின் மேல் பட்டை, பட்டையின் மேல் மேடுபள்ளம் நிரவப் பூசிய பட்டி, பட்டியின் மேல் இரண்டு கோட்டிங் பச்சை பெயிண்ட்.

சொல்லிவிட வேண்டும், படகைத் தண்ணீரில் இறக்கப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். இதோ ஞாயிற்றுக்கிழமை.

ஏழு மணிக்கு வண்டி வந்துவிட்டது. தெருவிலிருந்து எட்டுப் பேர் கூடிப் படகைத் தூக்கினார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுஃபியான் புதுச் சட்டையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று லுப்னாவுக்கு நினைவில்லை.

"ஏங்க, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன்."

"இன்னா? வண்டிகாரன் கத்திகினு கீறான்."

"ஒரே நிமிஷம்."

சமையலறைக்குள் வந்தான். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாங்க. அந்தப் படகு... அதுல ஒரு விஷயம் கீது..."

"லுப்னா." அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். கோபமில்லை. குரல் இறங்கியிருந்தது. "தண்ணியக் கண்டா உனுக்கு ஒடம்பு நடுங்குது. எனக்குத் தெரியாதா? பார்த்துகினுதான கீறேன்."

"அது இல்லங்க..."

"இரு, நான் சொல்லிக்கறேன். அந்த மயைல நான் இன்னா பண்ணேன், சொல்லு. மாடில நின்னுகினு கைய ஆட்டி ஆட்டிக் கத்துனேன். நீ உள்ள வலில கத்துற, நான் வெளில கத்துறேன். ரெண்டு நாளு. அத்தான் பண்ணேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனிமே எவனோ வருவான்னு நாம குந்திகினு இருக்கத் தேவையில்ல. இத்த உனுக்கோசரம்தான் கட்டினேன். வேற இன்னாத்துக்கு?"

இந்த வார்த்தைகளுக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அவன் வாயிலிருந்து அந்தக் குழந்தையின் நிழலாவது வெளியே வராதா என்று ஏங்கியிருந்தாள். வந்துவிட்டது. இனி எப்படிச் சொல்வது, நீ எனக்காகக் கட்டியதை நான்தான் கெடுத்தேன் என்று?

"சரிங்க" என்றாள்.

படிக்கிற நமக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவளுக்கும் தன் மேல் வந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைதான் வாயிலிருந்து வந்தது.

காட்டுக்குப்பத்தில் கழிமுகத்து ஓரமாகப் படகை இறக்கும்போது மணி ஒன்பது. எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காலை வைத்தால் சாம்பல் கலந்த சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. கிருஷ்ணப்பன் தன் பழைய என்ஜினைப் பின்பக்கம் மாட்டி முடுக்கிவிட்டு, மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"பாய், நீங்க பிஸ்மில்லா சொல்லிக்குங்க. நான் இத்த முன்னால வெச்சிடறேன். ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதான?"

சுஃபியான் சிரித்துக்கொண்டே துஆ ஓதினான். படகு தண்ணீரில் இறங்கி, ஒரு தரம் ஆடி, நேராக நின்றது. குப்பத்து ஜனம் கைதட்டியது.

"மொதல்ல நீதான் ஏறணும்" என்று லுப்னாவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "என்னால முடியாதுங்க."

"அப்போ நானு!"

மகள் ஆஃபியா, பதிமூன்று வயது, சேற்றிலிருந்து ஒரே தாவலில் படகுக்குள் இருந்தாள்.

"ஆஃபியா, எறங்குடி!" லுப்னாவின் குரல் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அத்தா மொதல்ல தனியா போய்ட்டு வரட்டும். நீ எறங்கு!"

"தனியா ஏன் போவணும்? நான் எறங்க மாட்டேன்."

"சொன்னா கேளு!"

"மாட்டேம்மா." பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"உன் பொண்ணுக்குக் கீற தெகிரியம் உனுக்கு இல்லியே!" சுஃபியான் சிரித்தான். இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டை மகளுக்கு மாட்டினான். செல்போனையும் வீட்டுச் சாவியையும் லுப்னாவிடம் கொடுத்தான். "நனைஞ்சிடும். நீ வெச்சிக்க."

அவள் கைப்பையில் போட்டாள். இப்போது சொல், இப்போதே சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் அவன் படகில் ஏறி என்ஜின் கயிற்றை இழுத்துவிட்டான். சத்தத்தில் எதுவும் கேட்காது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

படகு போனது. நன்றாகவே போனது. ஒரு வட்டம் அடித்தது, இரண்டு வட்டம் அடித்தது. ஆஃபியா கையை ஆட்டினாள். பத்து நிமிடம் ஆகியும் எதுவும் நடக்கவில்லை. தாங்கிவிடுமோ? தான் வீணாகப் பயந்தோமோ? லுப்னா முதல் தடவையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டாள்.

அப்போது சுஃபியான் வேகத்தைக் கூட்டினான். படகின் மூக்கு மேலே எழும்பியது. ரயில் பாலத்தை நோக்கிப் பறந்தது. அலையில் எழும்பி எழும்பி விழுந்தது. படகின் அடி தண்ணீரில் அறைகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு அறையும் தன் அடிவயிற்றில் விழுவதாக லுப்னா உணர்ந்தாள்.

"சோக்காப் போவுது பாரும்மா" என்றார் கிருஷ்ணப்பன். "மொத போட்டுன்னா எவன் நம்புவான்?"

"அண்ணா."

"இன்னாம்மா?"

"வெயில்ல ஆர்ட்னர கம்மி பண்ணணும்னு நீங்க சொன்னீங்கல்ல."

"ஆமா."

"கம்மி பண்ணேன்."

கிருஷ்ணப்பனின் சிரிப்பு போக ஒரு கணம் பிடித்தது. "எதுல? அந்த வெள்ள டப்பாலயா? அய்யய்யோ, அது நம்ம ரெசின் இல்லியேம்மா! எவ்ளோ கம்மி பண்ண?"

"பாதி."

"எத்தினி மக்கு?"

"நாலு மக்கு. ஒண்ணு இடது பக்கம் அடில போட்டேன். மீதி மூணு எங்க போட்டேன்னு தெரிலண்ணா. மத்த எடத்துல அமுக்குனா கெட்டியாத்தான் கீது..."

"மேல கெட்டியாத்தாம்மா இருக்கும்! உள்ள?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த அறை அறைஞ்சா பட்டையே கயண்டுகும். போன் போடு! மெதுவா திரும்பி வரச் சொல்லு, சீக்கிரம்!"

அவள் எண்ணை அழுத்தினாள். சுஃபியானின் போன் அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது.

கிருஷ்ணப்பன் அதற்குள் தன் ஃபைபர் போட்டைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். லுப்னா செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டு ஓடினாள். புர்கா முழங்கால் வரை நனைந்தது.

"நீ எதுக்கும்மா வர? தண்ணின்னா உனுக்கு ஆவாது!"

"எம் பொண்ணுண்ணா" என்றாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த மழைக்குப் பிறகு அவள் கடற்கரைக்குக்கூடப் போனதில்லை. எண்ணெயும் சேறும் கலந்த அதே வாடை மூக்கில் ஏறியது. கண்ணை மூடினால் மாடிப்படி. திறந்தால் தண்ணீர். போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யா அல்லாஹ், ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேன், இன்னொன்றைக் கேட்காதே. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், தூர் வாரி ஆழப்படுத்திய இடத்தில், பச்சைப் படகு நின்றுகொண்டிருந்தது. என்ஜின் சத்தம் இல்லை. இடது பக்கம் சாய்ந்து, கனமாக, தாழ்வாக நின்றது. ஆஃபியா ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். சுஃபியான் முட்டி போட்டு, தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்தே! எங்கேர்ந்து வருதுன்னே தெரில! திடீர்னு வருது!"

கிருஷ்ணப்பன் தன் போட்டைப் பக்கத்தில் ஒட்டினார். ஆஃபியாவின் ஜாக்கெட் பட்டையைப் பிடித்தார்.

"மொதல்ல அத்தா! அத்தாக்கு நீச்சல் தெரியாது!" அவள் திமிறினாள். அவர் விடவில்லை. தூக்கி இந்தப் பக்கம் போட்டார். லுப்னா மகளைக் கட்டிக்கொண்டாள். ஈரத்தில் பிள்ளை நடுங்கியது.

"பாய், வந்துடு!"

"போட்ட உட்டுட்டு வர மாட்டேன்! ஓட்டையக் கண்டுபுடிச்சுட்டா அடைச்சிடலாம்!"

"இடது பக்கம்ங்க!" லுப்னா கத்தினாள். "பின்னாலேர்ந்து ரெண்டு முழம்! அடில! அங்கதான், வேற எங்கயும் தேடாதீங்க, வந்துடுங்க!"

சுஃபியானின் கை தண்ணீருக்குள் நகர்ந்து, அந்த இடத்துக்குப் போய் நின்றது. உரிந்து தொங்குகிற பட்டை விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். இங்கே வந்ததிலிருந்து அவள் படகுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

எழுந்து, கிருஷ்ணப்பன் நீட்டிய கையைப் பிடித்து, இந்தப் பக்கம் ஏறினான்.

மரப்படகு என்பதால் முழுசாக மூழ்கவில்லை. விளிம்பு வரை தண்ணீர் நிறைந்து மிதந்தது. கிருஷ்ணப்பன் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்தார். போட்டு நகர்ந்த பிறகுதான் சுஃபியான் வாயைத் திறந்தான்.

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் கலந்த பசைங்க. அளவு தப்பா கலந்துட்டேன். இறுகவே இல்ல."

"நான் சொன்னதாலதான் பாய்..." என்று ஆரம்பித்தார் கிருஷ்ணப்பன்.

"நீ சொம்மா இருண்ணே." கண்ணை அவள் மேலிருந்து எடுக்கவில்லை. "எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தாள். இன்று காலைதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மூணு வாரமா" என்றாள்.

"மூணு வாரமா." அவன் தலையை மெதுவாக ஆட்டினான். "தெரிஞ்சுகினேதான் இவள அதுல ஏற உட்ட."

காலையிலிருந்து லுப்னாவே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அத்தா" என்றாள் ஆஃபியா. "எனக்கும் தெரியும்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா டெய்லி காலைல அந்த எடத்த நகத்தால அமுக்கிப் பார்க்கும். அப்பறமா அளுவும். ஒரு நாள் அம்மா உள்ள போனதும் நானும் அமுக்கிப் பார்த்தேன். கொழகொழன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏண்டி ஏறுன?" லுப்னா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டி ஏறுன?"

"அத்தா தனியாப் போனா தண்ணிய யாரு மொள்றது?" ஆஃபியாவின் உதடு துடித்தது. அதுவரை அழாதவள் இப்போது அழுதாள். "சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சொன்னா அத்தா உன்கிட்ட மறுபடி பேசமாட்டாரு. வூடே பயமா இருக்கும்மா அப்போ."

கிருஷ்ணப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையைப் பார்த்து ஓட்டினார்.

சுஃபியான் ஈரக் கைகளை முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னக் குரலில் கேட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு, முயுகிப் போறதே மேலுன்னு ரெண்டு பேருக்கும் தோணிச்சா?"

இல்லை என்று சொல்ல வேண்டிய நேரம். லுப்னா மகளைப் பார்த்தாள். ஆஃபியா தன் ஜாக்கெட் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் இல்லை என்று சொல்லவில்லை.

போட்டு கரை தட்டியது. அவன்தான் முதலில் இறங்கினான். மகளைத் தூக்கி இறக்கிவிட்டான். லுப்னாவுக்கும் கை கொடுத்தான். அந்தக் கை அவள் எதிர்பார்க்காதது. நன்றாக நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு விட்டான். "பாய், போட்ட வண்டில ஏத்தலாமா?" என்று டிரைவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சேற்றில் நடந்தான்.

"ஏங்க! போனாவது எடுத்துகினு போங்க!"

அவன் திரும்பவில்லை. சாலையில் ஏறினான். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அத்தா வூட்டுக்குத்தானம்மா போறாரு?" என்று ஆஃபியா கேட்டாள்.

மணலி போகிற பஸ் இடது பக்கம் நிற்கும். சுஃபியான் வலது பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தான்.